ஒரு பெட்டியில் மூன்று முற்றுகைப் பொறிகள்: மாதிரித் தொகுப்பு ஒன்றின் மதிப்புரை

ஒன்பதாம் வகுப்பில் நெம்புகோலையும் ஆற்றல் மாற்றத்தையும் நடத்தும்போது, கரும்பலகைக் கோடுகளுக்குப் பதிலாக மாணவர்கள் கையால் தொட்டு இயக்கக்கூடிய ஒரு பொருள் வேண்டும் என்று பல ஆண்டுகளாக நினைத்திருந்தேன். அந்த எண்ணத்தில்தான் முற்றுகைப் பொறிகளின் மர மாதிரித் தொகுப்பு ஒன்றை இணையவழியில் 2,400 ரூபாய் கொடுத்து வாங்கினேன். லேசர் கொண்டு வெட்டிய 4 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகைத் துண்டுகள், அச்சுக்கான மரக் குச்சிகள், நூல், ரப்பர் பட்டைகள், மர உருண்டைகள், 24 பக்கக் கையேடு ஆகியவை பெட்டியில் இருந்தன. இவற்றைக் கொண்டு மூன்று பொறிகளைச் செய்யலாம். முதலாவது, எதிரெடையால் இயங்கும் கல்லெறி பொறியான ட்ரெபுஷே. இரண்டாவது, முறுக்கிய கயிற்றின் விசையால் கல்லெறியும் உரோமானியர்களின் ஒனேஜர். மூன்றாவது, கூரைக்கு அடியில் தொங்கும் மதில் இடிக்கும் மரம். இரண்டு மாதம் மாணவர்களோடு சேர்ந்து பூட்டியும் பிரித்தும் எறிந்தும் அளந்தும் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இத்தொகுப்பின் ட்ரெபுஷே உண்மையான பொறியின் இயக்கத்தை ஏமாற்றமின்றிக் காட்டுகிறது, ஒனேஜரோ பெயரை மட்டும் தாங்கிக்கொண்டு, அப்பொறியின் உயிரான பகுதியை மறைத்துவிடுகிறது.

ட்ரெபுஷேவின் அமைப்பைத் தமிழ் வாசகருக்கு விளக்க ஏற்றத்தை நினைவூட்டினால் போதும். கிணற்றோரத்தில் ஒரு தூணின்மேல் துலா மரம் ஆடுகிறது. அதன் ஒரு முனையில் சால் தொங்க, மறுமுனையின் கனம் நீரை மேலே கொண்டுவருகிறது. அந்தத் துலாவின் குறுகிய கைப்புறத்தில் மிகப் பெரிய எடையைக் கட்டி, நீண்ட கைப்புறத்தின் நுனியில் சாலுக்குப் பதில் ஒரு கவணைத் தொங்கவிட்டு, நீண்ட கையைக் கீழே இழுத்துப் பூட்டிவைத்து ஒரே நொடியில் விடுவித்தால் கிடைப்பதுதான் ட்ரெபுஷே. எடை விழுகிறது, கை சுழல்கிறது, கையின் நுனியில் தொங்கும் கவண் அதைவிட விரைவாகச் சுழன்று கல்லை எறிகிறது. மதுரை மதிலின் பொறிகளை அடுக்கிச் சொல்லும் சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் வரும் 'கல்லுமிழ் கவண்' என்ற தொடர், இப்பொறி வேலை செய்வதை நேரில் கண்ட என் மாணவர்களுக்கு உடனே பிடித்துப்போயிற்று. நாங்கள் வகுப்பில் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டோம்.

பொறியைப் பூட்டுவதற்கு எங்களுக்கு இரண்டு மாலைகள் தேவைப்பட்டன. துண்டுகள் துல்லியமாக வெட்டப்பட்டிருந்தாலும், அச்சுக் குச்சி நுழையும் துளை மிகவும் இறுக்கமாக இருந்தது. உப்புத்தாள் கொண்டு தேய்த்து, மெழுகுவத்தியைப் பூசிய பிறகே கை தடையின்றி ஆடியது. பின்னர் மரக் குச்சியை நீக்கிவிட்டு சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை அச்சாக வைத்தோம். இந்த ஒரு மாற்றத்துக்கே எறிதூரம் கூடியது. கவணின் வளையம் மாட்டப்படும் கம்பிக் கொக்கி என் பெட்டியில் இல்லை. விற்பனையாளருக்கு எழுதியபோது எட்டு நாள் கழித்து மாற்றுக் கொக்கி வந்தது. பொறியின் மிக முக்கியமான சிறு உறுப்பு அதுவே என்பதால் இந்தக் கவனக்குறைவை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

பெரிய ட்ரெபுஷேக்களும் இப்படித் துண்டு துண்டாகத்தான் போர்க்களத்துக்குப் போயின. 1291ஆம் ஆண்டு எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தானின் படை, சிலுவைப் போர் வீரர்கள் வசமிருந்த ஏக்கர் என்ற கடற்கரை நகரை முற்றுகையிடச் சென்றபோது, 'மன்சூரி' என்று பெயரிடப்பட்ட மாபெரும் பொறியின் உறுப்புகள் சிரியாவின் ஹிஸ்ன் அல்-அக்ராத் கோட்டையிலிருந்து 100 வண்டிகளில் ஏற்றிச் செல்லப்பட்டன. பின்னாளில் வரலாற்றாசிரியராகப் புகழ்பெற்ற அபுல் ஃபிதா அப்போது இளம் அதிகாரி. அவ்வண்டிகளில் ஒன்று அவர் பொறுப்பில் இருந்தது. குதிரையில் எட்டு நாளில் கடக்கக்கூடிய வழியை, மழையாலும் குளிராலும் மாடுகள் மாண்டுபோனதாலும், கடப்பதற்கு ஒரு மாதம் ஆயிற்று என்று அவர் எழுதியிருக்கிறார். ஒட்டுப்பலகைத் துண்டுகளை மேசைமேல் பரப்பி வைத்திருந்த மாலையில் இச்செய்தியை மாணவர்களுக்குச் சொன்னபோது, ஒரு துண்டு தொலைந்தாலும் பொறி எழுந்து நிற்காது என்பதை அவர்கள் தாமாகவே உணர்ந்துகொண்டார்கள்.

இனி எறிதலுக்கு வருகிறேன். மாதிரியின் கை 50 சென்டிமீட்டர் நீளமுள்ளது. அச்சு அதை 10க்கு 40 என்ற விகிதத்தில் பிரிக்கிறது. உண்மையான பொறிகளுக்கும் நான்குக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று என்ற விகிதங்கள் நன்கு பொருந்துவதால், இங்கே வடிவமைப்பாளர் கவனமாக வேலை செய்திருக்கிறார் என்று சொல்ல வேண்டும். எதிரெடைப் பெட்டியை மணலால் நிரப்பச் சொல்கிறது கையேடு. அப்படி நிரப்பியபோது எடை 600 கிராம் வந்தது. 10 கிராம் மர உருண்டை ஏறத்தாழ 5 மீட்டர் தூரம் சென்று விழுந்தது. தூண்டிலுக்குக் கட்டும் ஈயக் குண்டுகளைத் துணியில் பொதிந்து வைத்தோம். பெட்டியின் பாதிகூட நிறையாமல் 1 கிலோ சேர்ந்தது, எடையின் மையமும் கீழே இறங்கியது. எதிரெடை எறிபொருளைப் போல 100 மடங்கு இருப்பது பொறிக்கு நல்ல நிலை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஈயத்தால்தான் எங்கள் மாதிரி அந்த நிலையை அடைந்தது. 1304ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் கோட்டையை முற்றுகையிட்ட இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு, தம் பொறிகளின் எதிரெடைக்காகத் தேவாலயக் கூரைகளிலிருந்த ஈயத்தைக் கழற்றிக் கொண்டுவரச் சொன்னார். அந்த ஆணையின் பின்னே இருந்த தேவையை, மணல் பெட்டியையும் ஈயப் பெட்டியையும் மாறி மாறித் தூக்கிப் பார்த்த பிள்ளைகளுக்கு மேலும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கவணின் நீளம்தான் இத்தொகுப்பின் முதல் பிழை. தரப்பட்ட நூலைக் கையேட்டின்படி கட்டினால் கவண் 20 சென்டிமீட்டர் மட்டுமே இருக்கும். அதை நீண்ட கையின் அளவுக்கு நெருக்கமாக, 36 சென்டிமீட்டருக்கு நீட்டியதும், ஈய எடையோடு 8 மீட்டரைத் தாண்டியது. கவண் வெறும் பை அன்று. அது கையின் நீட்சி, அதே சமயம் தன் போக்கில் சுழலும் இரண்டாவது நெம்புகோல். எடை விழத் தொடங்கும்போது உருண்டை தரையை ஒட்டிய பள்ளத்தில் மெல்ல நகர்கிறது; கை நிமிர நிமிரக் கவண் வெளியே வீசப்பட்டு வேகம் பெறுகிறது. சரியாக அமைந்த பொறியில், கல் விடுபடும் நொடியில் கை ஏறத்தாழ நின்றேபோகும் அளவுக்கு அதன் ஆற்றல் கல்லுக்குள் இறங்கிவிடுகிறது. கைப்பேசியில் மெதுவோட்டப் படமாக எடுத்து இதைப் பார்த்தோம். பல ஆண்டுகள் பாடம் நடத்தியும் வாயால் விளக்க முடியாமற்போன ஒன்றை அந்தச் சில நொடிப் படம் காட்டியது.

அடுத்து, தாமதமாக வந்து சேர்ந்த அந்தக் கொக்கி. கவணின் ஒரு கயிறு கையில் நிலையாகக் கட்டப்பட்டிருக்கும். மற்றதன் வளையம் கை நுனியிலுள்ள கொக்கியில் வெறுமனே மாட்டியிருக்கும். கவண் ஒரு குறிப்பிட்ட கோணத்துக்கு வந்ததும் வளையம் வழுக்கி விடுபட, பை திறந்து கல் பறக்கிறது. கொக்கி நேராக இருந்தால் வளையம் முன்னதாகவே கழன்று, கல் வானத்தை நோக்கியோ பின்பக்கமோ போகிறது. மிகவும் வளைந்திருந்தால் தாமதமாகக் கழன்று, எதிரே சில அடி தூரத்தில் தரையை அடிக்கிறது. எங்கள் முதல் நாளின் மூன்று எறிவுகள் பின்னால்தான் போயின. இடுக்கியால் சிறிது சிறிதாக வளைத்து, ஒவ்வொரு வளைவுக்கும் ஐந்து எறிவுகள் அளந்து, 10 மீட்டரை எட்டினோம். இந்த அளவீடுகளைக் குறிக்கக் கையேட்டின் இறுதியில் கட்டமிட்ட வெற்று அட்டவணை ஒன்று தந்திருக்கிறார்கள். அது மிகப் பயனுள்ள பக்கம்.

இந்த 10 மீட்டரை எதனோடு ஒப்பிடுவது என்ற கேள்வியும் வகுப்பில் எழுந்தது. எங்கள் எதிரெடை 18 சென்டிமீட்டர் இறங்குகிறது. அந்த ஆற்றல் முழுவதும் உருண்டைக்குப் போய்ச் சேர்ந்து, 45 பாகைக் கோணத்தில் அது புறப்பட்டால், காற்றின் தடையை விட்டுவிட்டுக் கணக்கிடும்போது 36 மீட்டர் போக வேண்டும். ஆகவே எங்கள் பொறி கோட்பாட்டு எல்லையில் கால் பங்குக்குச் சற்றே கூடுதலாகத் தொடுகிறது. எஞ்சியது அச்சின் உராய்வுக்கும், சட்டத்தின் ஆட்டத்துக்கும், கையின் எடைக்கும், எறிந்த பிறகும் ஊசலாடும் பெட்டிக்கும் போய்விடுகிறது. பெரிய பொறிகளில் உராய்வின் பங்கு குறைவு. இங்கிலாந்தின் வார்விக் கோட்டையில் 2005ஆம் ஆண்டு நிறுவப்பட்ட ட்ரெபுஷே 18 மீட்டர் உயரமும் 22 டன் எடையும் கொண்டது. அது 13 கிலோ எடையுள்ள குண்டை 249 மீட்டர் தூரத்துக்கு எறிந்திருக்கிறது.

மாதிரிக்கு நான்கு சிறு சக்கரங்களும் உண்டு. பொறியை நகர்த்துவதற்கு அவை என்று கையேடு சொல்லி முடித்துக்கொள்கிறது. உண்மையில், சக்கரத்தின்மேல் நிற்கும் சட்டம் எடை விழும்போது முன்னும் பின்னும் நகர்வதால், எடை வட்டமாகச் சுற்றி விழாமல் நேர்கோட்டுக்கு நெருக்கமாக விழுகிறது. அதனால் கூடுதல் ஆற்றல் கல்லுக்குக் கிடைக்கிறது. சக்கரங்களை மாட்டியபோது எங்கள் எறிதூரம் 11 மீட்டராயிற்று. இவ்வளவு நல்ல பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டே கையேடு பேசாமல் விட்டிருப்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

தூரத்தைவிட என் மனத்தில் நின்றது வேறொன்று. எதையும் மாற்றாமல் தொடர்ந்து 10 முறை எறிந்தபோது, 8 உருண்டைகள் ஒரு முழ அகலத்துக்குள் விழுந்தன. எடையும் உயரமும் மாறாதவரை ஒவ்வோர் எறிவும் முந்தையதைப் போலவே இருக்கும். மதிலின் ஒரே இடத்தை நாள்கணக்கில் தாக்க வேண்டிய படைக்கு இதைவிட மேலான குணம் ஒரு பொறிக்குத் தேவையில்லை. இதற்கு முன்பு இருந்த இழுவைப் பொறியில் எதிரெடை கிடையாது. ஆட்கள் கூட்டமாகக் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். சீனத்தில் பிறந்த அப்பொறி 6ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் பைசாந்தியப் பேரரசின் எல்லைக்கு வந்துவிட்டது. மனிதக் கைகள் ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் இழுப்பதில்லை, நேரம் செல்லச் செல்லச் சோர்ந்தும் போகும். எதிரெடை வந்ததும் அந்தத் தடுமாற்றம் நீங்கியது. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுல்தான் சலாவுதீனுக்காக முர்தா அல்-தர்சூசி எழுதிய படைக்கல நூலில் எதிரெடைப் பொறி ஒன்றின் விளக்கம் உள்ளது. அடுத்த நூற்றாண்டில் அது மங்கோலியரின் வழியாகச் சீனத்துக்கே திரும்பிப் போனது: பாரசீகத்திலிருந்து வரவழைக்கப்பட்ட இஸ்மாயில், அலாவுதீன் என்ற இரு பொறியாளர்கள் அமைத்த பொறிகளே, ஐந்து ஆண்டுகள் தாங்கி நின்ற சியாங்யாங் கோட்டையை 1273இல் பணியவைத்தன. இந்த வரலாற்றைக் கையேடு ஒரே வரியில் 'உரோமானியர்கள் ட்ரெபுஷேவைப் பயன்படுத்தினர்' என்று தவறாக எழுதியிருக்கிறது. குழந்தைகள் படிக்கும் ஒரு நூலில் இப்படியொரு பிழை அச்சாகியிருக்கக் கூடாது. உரோமானியரின் பொறிகள் முறுக்கிய கயிற்றால் இயங்கியவை. விழும் எடையால் அல்ல.

அந்த முறுக்கிய கயிற்றைத்தான் ஒனேஜர் மாதிரி கைவிட்டுவிட்டது. இதில் கையை முன்னே தள்ளுவது ஒரு ரப்பர் பட்டை. கையின் நுனியில் கரண்டி போன்ற குழி. பட்டையை இழுத்து விட்டால் உருண்டை 6 மீட்டர் தூரம் போகிறது, பிள்ளைகளும் மகிழ்கிறார்கள். ஆனால் உண்மையான ஒனேஜரில் ரப்பருக்கு ஒப்பான எதுவும் இல்லை. விலங்குகளின் தசைநாராலும் மயிராலும் திரித்த கயிற்றைச் சட்டத்தின் இரு பக்கத் துளைகளின் வழியே பலமுறை கோத்துத் தடித்த கற்றையாக்கி, அதன் நடுவே கையின் அடியைச் செருகி, இரு முனைகளையும் முறுக்கி ஏற்றுவார்கள். கையைப் பின்னால் இழுக்கும்போது கற்றை மேலும் முறுகி ஆற்றலைத் தேக்கி வைக்கிறது. கயிற்றுக் கட்டிலின் கயிற்றை இறுக்க ஒரு கோலைச் செருகித் திருகிய அனுபவம் உள்ளவர்களுக்கு, திருகிய கோல் கையை விட்டு நழுவினால் எவ்வளவு வேகமாகத் திரும்பி அடிக்கும் என்பது தெரிந்திருக்கும். ஒனேஜரின் முழு வலிமையும் அந்த அடியில்தான் இருக்கிறது. 4ஆம் நூற்றாண்டின் போர்வீரரும் வரலாற்றாசிரியருமான அம்மியானஸ் மார்செலினஸ் இப்பொறியை நேரில் கண்டவராக விவரிக்கிறார். அவர் சொல்லும் பொறியின் கை நுனியில் கரண்டி இல்லை, கவண் தொங்குகிறது. கையைப் பின்னிழுக்கப் பக்கத்துக்கு நான்கு பேர் வேண்டும். கை வந்து மோதும் இடத்தில் பதர் திணித்த மெத்தை ஒன்றைக் கட்டியிருப்பார்கள். கல்மதிலின்மேல் பொறியை நிறுத்தினால், அதன் கனத்தாலன்றி அதிர்ச்சியாலேயே மதில் சிதைந்துவிடும் என்பதால் மண்கட்டி அடுக்கின்மேலோ செங்கல் அடுக்கின்மேலோ நிறுத்துவார்கள். ஒனேஜர் என்றால் காட்டுக் கழுதை என்று பொருள். பின்னங்காலால் கல்லை உதைத்து எறியும் விலங்காக அதை நினைத்து அப்பெயர் வைத்தார்கள்.

முறுக்குவிசைப் பொறிகளை விரிவாக எழுதுவதற்கு எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. கணிதம் பொறியியலுக்குள் நுழைந்த மிகப் பழைய இடங்களில் இதுவும் ஒன்று. கி.மு. 399இல் சிராக்யூஸ் என்ற கிரேக்க நகரை ஆண்ட டயோனீசியஸ் பல ஊர்க் கைவினைஞர்களைக் கூலி கொடுத்து வரவழைத்துப் புதிய படைக்கலங்களைச் செய்யச் சொன்ன காலத்திலிருந்து, ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் செய்தும் திருத்தியும் பார்த்த கிரேக்கர்கள் இறுதியில் ஒரு சூத்திரத்தைக் கண்டடைந்தார்கள். எறிய வேண்டிய கல்லின் எடையை மினா என்ற அளவையில் எடுத்து, 100ஆல் பெருக்கி, கனமூலம் கண்டு, கிடைத்த எண்ணோடு அதன் பத்தில் ஒரு பங்கைக் கூட்டினால், கயிற்றுக் கற்றை நுழையும் துளையின் விட்டம் விரற்கடைக் கணக்கில் வந்துவிடும். 10 மினா, அதாவது 4 கிலோவுக்குச் சற்று மிகுந்த கல்லுக்கு, ஆயிரத்தின் கனமூலம் 10, அதோடு 1 கூட்ட 11 விரற்கடை. பொறியின் மற்ற எல்லா உறுப்புகளும் இந்த விட்டத்தின் மடங்குகளாகவே சொல்லப்பட்டன. பைசாந்தியத்தின் ஃபிலோ என்ற கிரேக்கப் பொறியியல் நூலாசிரியர் இதைப் பதிவு செய்திருக்கிறார். கல்லின் எடை எட்டு மடங்கானால் பொறி எல்லாப் பக்கத்திலும் இரண்டு மடங்கானால் போதும் என்பது இதிலிருந்து கிடைக்கிறது. கனமூலம் எதற்கு உதவும் என்று கேட்கும் மாணவருக்கு இதைவிட நல்ல விடை எனக்குத் தெரியாது. ரப்பர் பட்டையை வைத்துக்கொண்டு இந்தப் பாடத்தை நடத்தவே முடியாது.

ஆகவே ஒனேஜரை நாங்களே திருத்தினோம். ரப்பரைக் கழற்றிவிட்டு நைலான் கயிற்றைச் சட்டத்தின் துளைகளில் 12 சுற்றுக் கோத்தோம். இருபுறமும் இரும்பு வாஷரை வைத்து, அதன் குறுக்கே ஓர் ஆணியைச் செருகி முறுக்கினோம். ஸ்பெயினின் ஆம்பூரியாஸில் 1912இல் தோண்டியெடுக்கப்பட்ட பழம்பொறியிலும் வெண்கல வாஷர்கள் இதே வேலையைத்தான் செய்தன. கரண்டியை அறுத்துவிட்டு ஒரு சிறு கவணைக் கட்டினோம். எறிதூரம் 6 மீட்டரிலிருந்து 9 மீட்டராகக் கூடியது. ஆனால் இரண்டாவது நாளில் ஒட்டுப்பலகைச் சட்டம் துளையருகே விரிசல் விட்டது. பழங்காலத் தச்சர்கள் துளையைச் சுற்றி இரும்புத் தகடு அடித்ததற்கான காரணம் அந்த விரிசலிலேயே தெரிந்தது. சட்டத்துக்கு 4 மில்லிமீட்டருக்குப் பதில் 8 மில்லிமீட்டர் பலகையைக் கொடுத்து, ரப்பருக்குப் பதில் கயிறும் இரண்டு வாஷர்களும் தந்தால், இத்தொகுப்பின் ஒனேஜர் ட்ரெபுஷேவுக்கு இணையாகிவிடும். செலவும் பெரிதாகக் கூடாது. இதை நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறேன்.

மதில் இடிக்கும் மரத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கூரைக்கு அடியில் இரு கயிறுகளில் தொங்கும் கட்டை ஊசல்போல் ஆடுகிறது. தீயம்புக்கு அஞ்சி உண்மையான பொறியின் கூரைமேல் ஈரத்தோல் போர்த்துவார்கள் என்பதைக் கையேடு சரியாகச் சொல்கிறது. பூட்ட அரைமணி நேரம் போதும், அதன் பிறகு அது அலமாரியில் இருக்கும்.

பாதுகாப்பைப் பற்றிக் கையேட்டில் இருப்பது ஒரு வரிதான், அது போதாது. ட்ரெபுஷே பின்பக்கமும் எறியும் என்பதால் அதன் முன்னும் பின்னும் யாரும் நிற்கக் கூடாது, பக்கவாட்டில்தான் நிற்க வேண்டும். பூட்டுக் குச்சியைக் கையால் பிடுங்காமல் ஒரு முழம் நூல் கட்டி இழுக்க வேண்டும். ஈயக் குண்டுகளைத் துணியில் தைத்து வைத்து, தொட்ட பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளைத் தனியே விடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அட்டையில் 8 வயது என்று அச்சிட்டிருப்பது பொருத்தமற்றது.

மூன்றையும் சேர்த்துக் கேட்கும் 2,400 ரூபாய், உள்ளே இருக்கும் பொருளின் தரத்துக்குக் கூடுதல் என்றே சொல்வேன். அதே நிறுவனம் ட்ரெபுஷேவை மட்டும் தனிப் பெட்டியில் 1,250 ரூபாய்க்கு விற்கிறது. பள்ளிக்கோ வீட்டுக்கோ வாங்க விரும்புகிறவர்கள் அதையே வாங்கி, மிஞ்சும் பணத்தில் ஒரு கிலோ ஈயக் குண்டு, ஒரு ஸ்போக்ஸ் கம்பி, நல்ல பருத்தி நூல் ஓர் உருண்டை, அளவு நாடா ஒன்று ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். பெட்டியைத் திறந்ததும் கொக்கி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.